எங்கள் வீட்டு ஓய்வூதியச் சுமை

1

எங்கள் நகரசபை இந்த வருடம் வரவுசெலவுத் திட்டம் பற்றிய துண்டுப்பிரசுரத்தைத் தமிழிலும் அச்சடித்தது. தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தோடு ஆரையம்பதியை விட்டு வெளிக்கிட்டு, கனடாவின் இந்தக் குளிர் நகரத்துக்கு வந்து சேர்ந்தவன் நான். அந்த நாட்களில் எங்காவது தமிழில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டால் நின்று வாசித்துவிட்டுத்தான் போவோம். இன்று வரி, குப்பை, பனி அள்ளுவது எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லித் தருகிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தத் துண்டுப்பிரசுரத்தின் தலைப்பு ‘ஓய்வூதியச் சுமை: நாம் என்ன செய்யலாம்?’ என்றிருந்தது.

அச்சுக்குப் போவதற்கு முன்பே அதை எனக்குக் காட்டியவள் என் மகள் சுகன்யா. நகரசபையின் நிதிப் பிரிவில் வேலை செய்கிறாள். நான் அதே நகரசபையின் பஸ் கராஜில் பஸ்களைக் கழுவித் துடைக்கிறேன். வருகிற சித்திரையோடு எனக்கு ஓய்வு. தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே இடத்தில் சம்பளம் என்று கோயிலில் காண்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன்.

மார்கழி தொடங்கிய வாரம். சமையலறை மேசையில் காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்பா, சுமை எண்டா என்ன?”

“பாரம். தலையில, தோளில தூக்குறது.”

“அப்ப சரி. மொழிபெயர்த்த ஆள் சரியாத்தான் போட்டிருக்கிறார்.”

“ஆரு ஆரைத் தூக்குறது?”

“சிட்டி தூக்குது. ரிட்டயர் ஆன ஆக்களை.”

பிறகு அவளுக்குத் தெரிந்த தமிழில் விளங்கப்படுத்தினாள். போன வருடம் உலகமெங்கும் பங்குச்சந்தை விழுந்தபோது எங்கள் ஓய்வூதிய நிதியும் விழுந்தது. அந்தப் பள்ளத்தை நகரசபை வீட்டு வரியில் எடுத்துத்தான் நிரப்ப வேண்டும். வேலை செய்கிறவர்களின் தொகை குறைகிறது, ஓய்வு பெற்றவர்களின் தொகை கூடுகிறது. “ஆக்கள் சாகிறது பிந்திப்போச்சு அப்பா” என்றாள்.

என் மனைவி கையில் அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள். மனிதர் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். அது எனக்குத் தெரியும். நாலு வயதில் இங்கே வந்தவள், ஆங்கிலத்தில் யோசித்து அதைத் தமிழில் இறக்கி வைக்கிறாள். இறக்கும்போது சில சொற்கள் இப்படி மல்லாந்து விழும். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டேன்.

ஓய்வூதியம் எடுப்பவர்களுக்கு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக் கொடுப்பதை நிறுத்துவது, புதிதாக வருபவர்களுக்கு ஓய்வூதியம் இல்லாத வேலை கொடுப்பது. இரண்டும் நடக்காவிட்டால் எங்கள் பகுதி நூலகத்தைப் பூட்ட வேண்டும். சுகன்யா பள்ளிக்கூடம் விட்டு வந்து, நாங்கள் வேலை முடித்து வரும்வரை இருந்து படித்த நூலகம் அது.

“பொதுக்கூட்டத்தில நான்தான் இதைப் பேசப்போறன். நீங்க வராதீங்க.”

“ஏன்?”

“நீங்க முன்னால இருந்தா எனக்குக் கதை வராது.”

“என்ட பென்சனில கை வைக்கிறதுக்கா உன்னைப் படிக்க வைச்சன்?” என்று கேட்டுவிட்டேன். அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

2

‘சபைக்குப் பென்சன் பாரம்’ என்ற பேச்சை நான் முதன்முதலில் கேட்டது இங்கே அல்ல. அது ஊரில், என் அக்காவின் கணவர் சாமித்தம்பி மச்சானின் கதையோடு சேர்ந்தது.

மச்சான் எங்கள் பகுதிப் பிரதேச சபையில் சுகாதாரத் தொழிலாளி. சந்தை கூட்டுவது, கான் வெட்டி அழுக்குநீர் ஓட விடுவது, குப்பை ஏற்றுவது. எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்து அக்காவின் வீட்டோடு வந்து சேர்ந்தவர். அந்த வருடமே சபையிலும் சேர்ந்துவிட்டார், நாட்சம்பளத்துக்கு. வந்த நாளுக்குக் காசு, வராத நாளுக்கு இல்லை. நிரந்தரமாக்கச் சொல்லி ஒவ்வொரு செயலாளரிடமும் போய் நிற்பார். ஆட்கள் மாறினாலும் மறுமொழி மாறாது.

ஒருமுறை அவரோடு நானும் போனேன். அந்தச் செயலாளர் கெட்ட மனிதர் அல்ல. கதிரை தந்து இருத்தித்தான் பேசினார்.

“சாமித்தம்பி, ஒனக்குத் தரக்கூடாதெண்டு இல்ல. நிரந்தரமாக்கினா மறுகா பென்சன் நிதிக்குச் சபை பங்கு கட்டணும். சந்தைக் கடை வாடகையும் மீன் சந்தைக் குத்தகையும் தவிர எங்களுக்கு என்ன வருமானம் கிடக்கு? இரிக்கிற ஆக்கள்ற சம்பளத்துக்கே காணாது. ஒன்னை நிரந்தரமாக்கினா ரெண்டு ஒழுங்கைக்குக் கிறவல் மண் போடேலாது.”

வெளியே வந்த மச்சான் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். “அந்தாள் சொல்றதும் சரிதான் தம்பி. ஒழுங்கையெல்லாம் பள்ளமும் திட்டியுமாத்தானே கிடக்கு” என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு, பனி கொட்டும் ஒரு நகரத்தில், என் மகளும் அதே நியாயத்தைச் சொல்லக் கேட்டேன். அப்போதுதான் அந்தக் கோபம் அவர் மேல் வந்தது அல்ல என்று விளங்கியது.

3

கராஜில் பஸ் கழுவுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பின் இருக்கையில் தொடங்கி முன்னுக்கு வர வேண்டும். குளிர்காலத்தில் சப்பாத்துகளில் ஒட்டி வந்த உப்பும் பனிச்சேறும் தரையில் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். கொதிநீர் ஊற்றித் தேய்த்தால்தான் போகும். டோனி என்ற கிழவர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, வாரம் ஒருமுறை கராஜுக்கு வந்து தேநீர் இயந்திரத்தடியில் எங்களோடு கதைத்துவிட்டுப் போவார். இத்தாலியிலிருந்து இளம் வயதில் வந்தவர். மனைவிக்கு ஞாபகம் தப்பிவிட்டது. பராமரிப்பு இல்லத்துக்குக் கட்டியது போக மிஞ்சுவதில்தான் தன் சீவியம் என்பார். விலைவாசிக்கு ஏற்பக் கூட்டித் தராவிட்டால் அவளை வீட்டுக்கு அழைத்து வர வேண்டியதுதான், தன்னால் அவளைத் தூக்கிக் குளிப்பாட்ட முடியாது என்று அந்த வாரம் சொன்னார். அந்தத் திட்டத்தைப் பேசப்போவது என் மகள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்கழி மாதம் இப்படி வேலை செய்துகொண்டிருக்கும்போது கடல்கோள் நினைவு வரும், சுனாமி என்கிறார்களே அது. நான் அதைக் கண்ணால் கண்டவன் அல்ல. மச்சான் தொலைபேசியில் சொல்லிக் கேட்டதுதான் எனக்குத் தெரிந்த கடல்கோள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மச்சான் சந்தை கூட்டிக்கொண்டிருந்தார். கடற்கரைப் பக்கமிருந்து சனம் ஓடி வந்தது. அக்காவின் வீடு வாவிப் பக்கம், தப்பிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டதும் மச்சான் சனம் ஓடி வந்த திசைக்கு எதிராக நடந்தார். சபையின் குப்பை உழவு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு இன்னும் சிலரும் போனார்கள். வேறு வாகனம் இல்லை. பிணங்களை அந்தக் குப்பைப் பெட்டியில்தான் ஏற்ற வேண்டியிருந்தது. பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக் கடைக்காரர்கள் வெள்ளைத் துணியைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தார்கள். மச்சான் பெட்டியைக் கழுவி, துணி விரித்து, அதற்குமேல் கிடத்தினார்.

“ஒவ்வொருத்தரிட்டயும் சொல்லிச் சொல்லித்தான் ஏத்தின தம்பி. குப்பைப் பெட்டி எண்டு நினைச்சிராதீங்க, வேற ஒண்டும் கிடைக்கல்ல எண்டு.”

நான் இங்கே வாங்கிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டியில் அவர் ஏற்றிய உடல்களில் ஒன்று செல்வராசாவுடையது. அதே சபையில் மச்சானோடு வேலை செய்தவர். அவர் நிரந்தர ஊழியர், செட்டிபாளையத்தில் கடலுக்குக் கிட்ட வீடு.

4

செல்வராசா போனதால் சபையில் ஒரு நிரந்தர இடம் வெற்றிடமானது. கடற்கரையில் செய்த வேலையைக் கண்டவர்கள் எல்லோரும் அதைச் சாமித்தம்பிக்குக் கொடுக்கச் சொன்னார்கள். செயலாளரும் சம்மதித்தார். வாழ்க்கை முழுக்கக் கேட்ட ஒன்று கைக்கு வந்தபோது மச்சான் அதை எடுக்க மறுத்துவிட்டார்.

“நான் கிடத்தின மனிசன்ட கதிரை அது” என்றார் அக்காவிடம்.

அக்கா அழுது பார்த்தாள், ஏசிப் பார்த்தாள். அவர்களுடைய ஒரே மகன் சில வருடங்களுக்கு முன்பே இயக்கத்தோடு வன்னிக்குப் போனவன். எப்போதாவது யாராவது வந்து, சுகமாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வயது போனால் பார்க்க யாரும் இல்லை. “பென்சன் எண்டு ஒண்டாவது வேணாமா?” என்று கேட்டிருக்கிறாள்.

கடைசியில் மச்சான் செல்வராசாவின் மனைவி பூமணியக்காவைத் தேடி முகாமுக்குப் போனார். அப்போது நான் ஊருக்குப் போயிருந்ததால் கூடப் போனேன். பாடசாலைக் கட்டிடத்தில் ஒரு வகுப்பறையின் மூலையில் அவர் இருந்தார். மச்சான் அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

“அக்கா, அந்த வேலையை ஒங்கட மகனுக்குக் கேளுங்க. நானும் வந்து சொல்றன்.”

பூமணியக்கா அவரைப் பார்த்தார். “சாமித்தம்பி, நீ தேப்பனைத்தான் கண்டெடுத்த. மகனை இன்னும் ஆரும் கண்டெடுக்கல்ல” என்றார்.

மகனும் கடலோடு போனது மச்சானுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“நீயே எடு” என்றார் பூமணியக்கா. “தெரியாத ஒருத்தன் எடுத்தா அந்தச் சந்தையடியால எனக்குப் போகேலாது. நீயெண்டா நிண்டு ரெண்டு கதை கதைச்சிட்டுப் போகலாம்.”

அடுத்த நாள் மச்சான் போய்க் கையெழுத்து வைத்தார். அன்றிலிருந்து அவர் நிரந்தர ஊழியர்.

5

அதன்பின் வந்த வருடங்களை அக்காவின் தொலைபேசியால்தான் எனக்குத் தெரியும். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் சண்டை மூண்டு, சனம் வாவியைக் கடந்து எங்கள் பக்கம் வந்து கூடாரங்களில் நிறைந்தது. அந்த மலசலகூடக் குழிகளை அள்ளியவர்களில் மச்சானும் ஒருவர். பிறகு கிழக்கில் சண்டை ஓய்ந்தது. வடக்கில் தொடர்ந்தது.

இந்த வருடம் வைகாசியில் அதுவும் முடிந்தது. எங்கள் நகரத்தில் தமிழர் வீதிக்கு இறங்கினார்கள். சுகன்யாவும் கொடி பிடித்துப் போய் நின்றாள். என் அக்காவின் மகன் வன்னியில் இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அவனுடைய முகம் தெரியாது. குளிரில் தொண்டை அடைத்து வீட்டுக்கு வந்து, “சுலோகம் சொல்லேக்க எனக்கு ஒரு சொல் விளங்கேல்ல அப்பா, ஆனா சத்தமாச் சொன்னன்” என்றாள்.

அதே நாட்களில் ஊரில் யுத்தம் வென்றோம் என்று படையினர் வெடி கொளுத்தினார்கள். வீதியில் போகிறவர்களை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். அடுத்த நாள் காலை, வீதியெல்லாம் சிவப்பாகக் கிடந்த வெடிக் கடதாசியைக் கூட்டி அள்ளியது மச்சான். அவருடைய மகனைப் பற்றி அன்று ஒரு தகவலும் இல்லை. இன்று வரை இல்லை.

அக்கா சொன்னாள்: “கூட்டிட்டு வந்து கிணத்தடியில நிண்டு குளிச்சிக்கிட்டே இரிக்காரு. நான் போய்த்தான் வாளியை வாங்கின.”

ஐப்பசியில் அவருக்கு அறுபது. சபையில் மாலை போட்டு, சுவர் மணிக்கூடு ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். பென்சன் இல்லை. நிரந்தரமாக இருந்த வருடங்கள் காணாது, நாட்சம்பளத்தில் கழிந்த வருடங்கள் சேராது என்றுவிட்டார்கள். புதிதாக வந்திருந்த செயலாளர் இரக்கப்பட்டு ஒன்று சொன்னாராம்: வேண்டுமென்றால் திங்கட்கிழமை வாருங்கள், ஆள் பற்றாக்குறைதான், நாட்சம்பளத்துக்குப் போடுகிறேன்.

மச்சான் திங்கட்கிழமை தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு சந்தை கூட்டப் போனார்.

6

பொதுக்கூட்டத்துக்கு நான் போனேன். மகளோடு சண்டை பிடிக்கப் போகவில்லை. ஏன் போனேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பின்வரிசையில், தூண் ஒன்றின் மறைவில் இருந்தேன்.

சுகன்யா நன்றாகப் பேசினாள். திரையில் படங்கள் காட்டினாள். ஒரு கோடு ஏறியது, ஒரு கோடு இறங்கியது. மண்டபம் நிறைய ஓய்வுபெற்றவர்கள். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு கத்தினார்கள். “உனக்கும் வயது போகும்” என்று ஒருவர் கத்தினார். டோனி எழுந்து தன் மனைவியைப் பற்றிச் சொன்னார், சொல்லி முடிக்க முடியாமல் இருந்துவிட்டார். முன்னால் இருந்த ஒரு பெண் சுகன்யாவைப் பார்த்து, உன் நாட்டுக்குப் போய் இந்தக் கணக்கைப் பார் என்றாள். சுகன்யா காகிதங்களை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள்.

நான் எழுந்து ஒலிவாங்கிக்கு நடந்தேன். என் ஆங்கிலம் பஸ் கழுவப் போதும், கடைக்குப் போதும். அந்த இடத்தில் நின்றதும் அதுவும் வரவில்லை. தலைவராக இருந்த பெண்மணி, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். தமிழுக்கு அன்று ஒருவரும் வந்திருக்கவில்லை. அப்போது சுகன்யா மேசையை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். “சொல்லுங்க அப்பா” என்றாள். இவர் என் தகப்பன் என்று ஆங்கிலத்திலும் சொன்னாள், மண்டபத்தில் கத்தல் நின்றது.

நான் மச்சானைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு வசனமாக நிறுத்தினேன், அவள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னாள். குப்பைப் பெட்டியில் வெள்ளைத் துணி விரித்த இடத்தில் அவளுடைய குரல் இடறியது. அந்தக் கதையை நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. “நாட்சம்பளம்” என்றபோது திரும்பி மெதுவாகக் கேட்டாள்: “அது என்ன?”

“வந்த நாளுக்கு மட்டும் சம்பளம். நாளைக்கு வேலை இரிக்கும் எண்டு ஆரும் சொல்லமாட்டாங்க. கிழவனானா ஒண்டும் இல்ல.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மண்டபத்துக்குத் திரும்பிச் சொன்னாள்.

“சபையில காசு இல்ல எண்டது அங்கயும் உண்மைதான், இஞ்சயும் உண்மைதான்” என்றேன். “ஆனா காசு இல்லாமப் போற நேரமெல்லாம் கூட்டுறவனிட்டயும் கழுவுறவனிட்டயும்தான் முதல்ல வாறாங்க.” அதையும் சொன்னாள். “இந்தக் கணக்கைச் சொன்ன பிள்ளை பொய் சொல்லல்ல. அவளை ஏசாதீங்க.” அதை மட்டும் அவள் சொல்லவில்லை. “அவ்வளவுதானா?” என்று தலைவர் கேட்டார். அவ்வளவுதான் என்றாள் என் மகள்.

7

அடுத்த வாரம் வாக்கெடுப்பு நடந்தது. திட்டம் நிறைவேறியது. நூலகம் திறந்திருக்கும். ஓய்வூதியம் எடுப்பவர்களுக்கு இனி விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக் கொடுப்பதில்லை. சித்திரையில் நான் போன பிறகு என் வேலைக்கு நகரசபை ஆள் எடுக்காது, ஒரு கொம்பனி ஆள் அனுப்பும். டோனி அதன்பின் கராஜுக்கு வரவில்லை. மனைவியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

டிசம்பர் இருபத்தைந்து, நத்தார் நாள் மாலை அக்காவுக்கு எடுத்தேன். அங்கே மறுநாள் விடிந்திருந்தது, கடல்கோளின் ஐந்தாம் வருடம். மச்சான் வீட்டில் இல்லை. கடற்கரையில் அஞ்சலிக்குப் பந்தல் போட்டிருக்கிறார்களாம், பெரியவர்கள் வருமுன் அந்த இடத்தைத் துப்புரவாக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

“இண்டைக்குமா அக்கா?”

“இண்டைக்குப் போனா இண்டையக் காசு தம்பி.”

சுகன்யா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினாள். வழமையாக ‘சுகமா மாமி’ என்றுவிட்டுத் திருப்பித் தந்துவிடுபவள், அன்று தரவில்லை. ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

“மாமி, மாமாக்குப் பென்சன் கிடைக்க வேற வழி ஒண்டும் இல்லையா?”

“அந்தக் கதையை விடு புள்ள” என்றாள் அக்கா. “அது முடிஞ்சுது. நீ அங்க பெரிய கந்தோரில வேலையெண்டு கொப்பா பெருமையாச் சொல்றவர். ஒனக்கெண்டாலும் நல்ல பென்சன் வரும்தானே? அதைக் கேட்டாத்தான் எங்களுக்கு ஆறுதல்.”

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“இல்ல மாமி” என்றாள் சுகன்யா. “எனக்கு ஒப்பந்தம் மட்டும்தான். ஒவ்வொரு வருஷமும் முடிய, திரும்பத் தருவாங்களோ எண்டு பார்க்கணும். நான் வேலைக்கு வரேக்கயே எங்கட பிரிவில புது ஆக்களுக்குப் பென்சனை நிப்பாட்டிட்டாங்க.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

தொலைபேசியில் ஊர்க் காகங்கள் கரைந்தன. பிறகு அக்கா கேட்டாள்: “அப்ப நீயும் நாட்சம்பளமா மகள்?”

“ஓம் மாமி” என்றாள் சுகன்யா.